படுக்க மறுத்த செவலை: ஒரு குதிரை லாயத்தின் நிகழ்வு ஆய்வு

செவலையின் முன்னங்கால் இரண்டிலும், குளம்புக்கு மேலே உள்ள கணுவின் முன்பக்கம், கட்டைவிரல் அகலத்துக்கு முடி கொட்டித் தோல் தடித்திருந்தது. வலது காலில் பழைய தழும்பு. இடது காலில் இரண்டு நாளைக்கு முன் உரிந்த புண். ஓரத்தில் ரத்தம் காய்ந்து முடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "ஓடும்போது தடுக்கி விழுறா" என்பது சவாரி சொல்லித் தருபவரின் கணிப்பு. முன்குளம்பு நீண்டுவிட்டது என்று சொல்லி லாடம் அடிப்பவர் இரண்டு முறை சீவிவிட்டார். கால்நடை மருத்துவர் மூட்டை மடக்கிப் பார்த்தார், நடக்க விட்டுப் பார்த்தார், நொண்டல் இல்லை என்றார். களிம்பு போட்டால் புண் ஆறும். ஒரு வாரம் கழித்து மறுபடி உரியும்.

உண்மையில் என்னை அழைத்தது செவலைக்காக அல்ல, இருமலுக்காக. அந்த லாயத்தில் இருந்த 12 குதிரைகளில் 5 குதிரைகள் காலையில் தீவனம் வைக்கும்போது இருமின. இரண்டுக்கு மூக்கில் வெள்ளையாகச் சளி. சாம்பல் நிறக் குதிரை ஒன்று சும்மா நிற்கும்போதே நாசியை விரித்து விரித்து மூச்சு வாங்கியது. நல்ல உடம்போடு இருக்கும் குதிரை ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். இது 24-ஐத் தாண்டிவிட்டது. மருந்து கொடுத்தால் அடங்குகிறது, நிறுத்தினால் வருகிறது, கட்டடத்தில் ஏதாவது கோளாறா என்று வந்து பாருங்கள் என்றார்கள். லாயம் கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. உரிமையாளரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். இடமும் பெயரும் வேண்டாம் என்றார், நியாயம்தான்.

பார்க்க அழகான லாயம்

வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். நடுவில் 3 மீட்டர் நடைவழி, இரு பக்கமும் ஆறு ஆறு அறைகள், வழவழவென்று சிமென்ட் தரை, வெள்ளையடித்த சுவர். தலைக்கு மேலே பலகை அடித்த தாழ்வான தட்டு, அதற்கு மேலே உலர்புல் கட்டுகள். சாரலும் பனிக்காற்றும் படக்கூடாதென்று ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டு, ராத்திரியானால் இறுக்கி மூடிவிடுவார்கள். உரிமையாளர் அக்கறையில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. தன் வீட்டைக் கட்டும்போது எதையெல்லாம் பார்த்தாரோ அதையெல்லாம் இங்கும் பார்த்திருக்கிறார். கோளாறே அங்கேதான். நமக்குக் கதகதப்பாக இருக்கும் இடம் குதிரைக்குப் புழுக்கம். வெளியில் 5 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் பழகிய குதிரை அலட்டிக்கொள்ளாது. சாரல் அடிக்காமல், காற்று நேராக மேலே வந்து மோதாமல் இருந்தால் போதும். காற்றே வராமல் அடைத்துவைத்தால்தான் வம்பு.

காலை 5 மணிக்கு, கதவைத் திறப்பதற்கு முன்பே போய் நிற்பது என் வழக்கம். திறந்து அரை மணி ஆகிவிட்டால் எந்த லாயமும் நல்ல லாயம்தான். உள்ளே போய் நின்றபடி மூச்சை இழுத்தேன். லேசாக மூத்திர வாடை, அவ்வளவுதான். அப்புறம் மூன்றாம் அறைக்குள் மண்டியிட்டு, தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தினேன். கண் எரிந்து தண்ணீர் வந்துவிட்டது. நனைத்துக் காட்டும் சோதனைத் தாள் அந்த உயரத்தில் 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு) அமோனியா என்றது; நிற்கும் உயரத்தில் 10-க்கும் கீழே. லாயத்தில் 10-ஐத் தாண்டவிடக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் வரம்பு.

"அமோனியா காற்றைவிட லேசாச்சே, மேலதானே போகணும்?" என்று உரிமையாளர் கேட்டார். சரியான கேள்வி. லேசானதுதான், ஆனால் அது பிறக்கும் இடம் தரை. மூத்திரத்தில் உள்ள யூரியாவை பாக்டீரியா ராத்திரி முழுக்க உடைத்து அமோனியாவாக்கிக்கொண்டே இருக்கிறது. ஊற்று எங்கேயோ அங்கேதான் செறிவு அதிகம். குதிரை குனிந்து தின்பதும், படுத்தால் மூச்சு விடுவதும் அந்த உயரத்தில்தான். நாம் நிமிர்ந்து நின்று மோந்துவிட்டு "வாடையே இல்லையே" என்கிறோம்.

தூசு இன்னும் மோசம். மேல் தட்டில் சதுரமாக ஒரு திறப்பு. அதன் வழியே புல்லை ஒவ்வொரு அறைக்குள்ளும் தள்ளிவிடுவார்கள். வேலை சுலபம், மறுக்கவில்லை. அன்று விளக்கைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டு டார்ச்சைக் குறுக்கே பிடித்தேன். புல் விழுந்ததும் வெளிச்சம் பால் கலக்கியதுபோல வெளுத்தது. கனமான துகள்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கின. மெல்லிய புகைபோல ஒன்று மட்டும் அடங்கவே இல்லை. போக வழி இல்லாமல் கூரைத்தட்டின் கீழே சுற்றிக்கொண்டே இருந்தது. நுரையீரலின் அடிவரை போவது அந்த மெல்லியதுதான். அதில் பூஞ்சை வித்தும் நிறைய. குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கு ஒன்றுதான் வழி. ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் காற்று உள்ளே போகிறது. குதிரை ஆஸ்துமா என்று இப்போது சொல்லும் நோய்க்கு வேறு அழைப்பே வேண்டாம். கிருமியால் வருவதில்லை என்பதால்தான் மருந்தை நிறுத்தியதும் திரும்பி வந்தது. காற்று மாறவில்லையே.

ஆக, இருமலுக்குக் காரணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. அத்தோடு அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு நான் கிளம்பியிருக்கலாம்.

ராத்திரி கேமரா

அங்கே குதிரை பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷ அனுபவம். செவலையின் காலை நான் தடவிப் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தவர், "இவ படுத்து நான் பார்த்ததே இல்ல தம்பி" என்றார்.

"குதிரைதான் நின்னுக்கிட்டே தூங்குமே ஐயா?" என்றேன், அவர் வாயைக் கிளறுவதற்காக.

"தூங்கும். ஆனா படுக்காத குதிரை தூங்கின குதிரை இல்ல. இவ விலாவுல என்னிக்காவது சருகு ஒட்டியிருக்கா பாருங்க. மத்ததுங்க எல்லாம் காலைல அழுக்கா நிக்கும். இவ மட்டும் குளிச்சுவிட்ட மாதிரி நிப்பா."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லையாம். யாரும் கேட்கவில்லை.

குதிரையின் காலில் மூட்டைப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு ஒன்று உண்டு. தசைநாரும் தசைக்கயிறும் சேர்ந்து மூட்டை நிறுத்திவைப்பதால், சதைக்கு அதிக வேலை கொடுக்காமல் நின்றபடியே கண்ணயர முடியும். ஆனால் கனவு வரும் ஆழ்ந்த உறக்கத்தில் உடம்பின் சதையெல்லாம் தளர்ந்துவிடும். பூட்டும் அப்போது நிற்காது. அந்த உறக்கத்துக்குக் குதிரை படுத்தே ஆகவேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். சில நாள் கிடைக்காமல் போனால் சமாளித்துக்கொள்ளும். வாரக்கணக்கில் கிடைக்காவிட்டால் நிற்கும் நிலையிலேயே உறக்கம் வந்து அமுக்கிவிடும்.

செவலையின் அறை மூலையில் ஒரு கேமராவைக் கட்டினோம். மறுநாள் உரிமையாளர், பெரியவர், நான் மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். ராத்திரி 1:40. செவலை சுவரோரமாக நிற்கிறாள். கீழுதடு தொங்குகிறது. கழுத்து விரல் கடை விரல் கடையாக இறங்கி மூக்கு முழங்கால் மட்டத்துக்கு வருகிறது. உடம்பு முன்னால் சாய்கிறது. சட்டென்று முன்னங்கால் இரண்டும் மடிய, கணுவின் முன்பக்கம் சிமென்ட் தரையில் போய் இடிக்கிறது. அடுத்த நொடி துள்ளி எழுந்து, காதை விறைத்து, யார் அடித்தார்கள் என்பதுபோல் சுற்றிப் பார்க்கிறாள். அந்த ஒரு ராத்திரியில் 9 முறை. உரிமையாளர் மூன்றாவது முறைக்கு மேல் பார்க்காமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

சவாரியில் தடுக்கவே இல்லை. சும்மா சீவப்பட்ட குளம்புதான் பாவம்.

ஏன் படுக்கவில்லை என்பது அடுத்த கேள்வி. வலி இருந்தால் படுக்காது. படுத்து எழுவது வயதான மூட்டுக்குப் பெரிய வேலை. மருத்துவர் சில நாள் வலிமருந்து கொடுத்துப் பார்த்தார், ஒரு மாற்றமும் இல்லை. சரி, இடமா? அறை 3.6 மீட்டர் ஆழம், ஆனால் அகலம் 3 மீட்டர்தான். நடுத்தரக் குதிரைக்கு 3.6-க்கு 3.6 என்பதுதான் நடைமுறையில் உள்ள அளவு. 3 மீட்டரில் மட்டக் குதிரை சௌகரியமாக இருக்கும். செவலை உயரக்காரி. எழும்போது குதிரை முன்னங்காலை நீட்டி, தலையை வீசி, ஒரே உந்தாக எழ வேண்டும். அதற்கு முன்னால் வெற்றிடம் வேண்டும். தரையிலோ நாலு விரல் கனத்துக்கு வைக்கோல், அடியில் வழுக்கும் சிமென்ட். வைக்கோலை ஒதுக்கிப் பார்த்தபோது பின்சுவர் பக்கம் லாடம் சறுக்கிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. ஒரு காலத்தில் படுக்க முயன்று, எழும்போது சறுக்கி மிரண்டிருக்கிறாள் என்று ஊகித்தேன்.

நான் பார்க்கத் தவறியதைக் கேமராதான் காட்டிக்கொடுத்தது. பக்கத்து அறைக்காரன் கறுப்பு. நடுச்சுவர் மார்பளவுக்கு மேலே கம்பி. செவலையின் தீவனத் தொட்டி அந்தக் கம்பிக்கு நேர் கீழே. அவள் தின்னக் குனிந்தாலோ, அந்தப் பக்கம் போய் நின்றாலோ, கறுப்பு காதைப் பின்னுக்குச் சாய்த்துப் பல்லைக் காட்டிக் கம்பியில் பாய்கிறான். பகலில் ஆள் நடமாட்டம் இருப்பதால் அடக்கமாக இருந்தவன், ராத்திரி முழுக்க ரவுடித்தனம். குதிரை இரையாகப் பிறந்த பிராணி. கூட்டத்தில் ஒன்று படுத்தால் இன்னொன்று பெரும்பாலும் நின்று காவல் காக்கும். காவல் இருக்க வேண்டிய இடத்தில் எதிரி நின்றால் யார் படுப்பார்கள்?

குதிரைக்குத் துணை வேண்டும், அறைகளுக்கு நடுவே கம்பி வையுங்கள், ஒன்றையொன்று பார்க்கட்டும் என்று பத்து வருஷமாக எல்லோருக்கும் சொல்லிவந்தவன் நான். இப்போதும் சொல்கிறேன். ஆனால் எந்தத் துணை என்று கேட்காமல் கம்பி வைத்தால் இப்படித்தான்.

கல்லை உடைப்பதற்கு முன்னால் ஒரு பரீட்சை வைத்தோம். பழைய சாமான் அறை ஒன்று, 4.5 மீட்டர் அகலம். அதில் முக்கால் சாண் ஆழத்துக்கு மரச்சீவல் கொட்டி, வயதான மட்டக் குதிரையைப் பக்கத்தில் நிறுத்தி, செவலையை அங்கே மாற்றினோம். முதல் மூன்று ராத்திரியும் ஒன்றும் நடக்கவில்லை. நின்றாள், சாய்ந்தாள், விழப்போய் எழுந்தாள். நான்காம் ராத்திரி 2:20-க்கு, இடத்தை மூன்று சுற்று சுற்றி, மோந்து, காலால் பறித்து, பொத்தென்று படுத்தாள். இருபது நிமிடம். காதும் பின்னங்காலும் துடித்துக்கொண்டிருந்தன, கனவு. காலையில் பெரியவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "விலாவுல சீவல் தம்பி."

பன்னிரண்டு பத்தான கதை

ஒரு வரிசையில் 3 மீட்டர் அகலத்தில் 6 அறை என்றால் 18 மீட்டர். அதே நீளத்தில் 3.6 மீட்டர் அகலத்தில் 5 அறை வரும். கணக்கு அவ்வளவு சுத்தமாக அமைந்தது எனக்கே ஆச்சரியம். உரிமையாளருக்கோ இரண்டு அறை போகிறதே என்ற கவலை. இரும ஆரம்பித்த இரண்டு குதிரைகளை, அதில் ஒன்று அந்தச் சாம்பல், மேய்ச்சல் நிலத்து ஓரத்தில் மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த கொட்டகையில் விட்டுப் பார்க்கலாம் என்றேன். "வெளியிலயா? சீக்கு வந்த குதிரையையா?" என்றார். அரை மனதாகத்தான் ஒப்புக்கொண்டார். கட்டட வேலை முடியும் முன்பே, மருந்து குறைத்துக்கொண்டே வந்த நிலையில், முதலில் இருமல் விட்டது அந்த இரண்டுக்கும்தான். இத்தனை வருஷம் லாயம் கட்டியவனுக்கு அது கொஞ்சம் உறைக்கத்தான் செய்தது.

மேல் தட்டைப் பிரித்தெடுத்து, புல்லைத் தனிக் கொட்டகைக்கு மாற்றினோம். கூரையின் முகடு நெடுக ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து, மழை விழாமல் மேலே தொப்பிபோலத் தகடு. இறவாணத்தின் கீழேயும் நீளமாகத் திறப்பு. சூடான ஈரக் காற்று மேலே ஏறிப் போக, குளிர்ந்த காற்று பக்கவாட்டில் உள்ளே வரும். காற்றே வீசாத நாளிலும் குதிரைகளின் உடல்சூடே இதை ஓட்டிக்கொண்டிருக்கும். மணிக்கு நான்கு முதல் எட்டு முறையாவது உள்காற்று முழுவதும் மாற வேண்டும் என்பது குறைந்தபட்சக் கணக்கு. தீப்பிடிக்கும் இடத்தில் புகை வைத்துப் பார்க்க வேண்டாமென்று பஞ்சு நூலை அங்கங்கே தொங்கவிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தோம். ஒவ்வொரு அறைக்கும் வெளிச்சுவரில், மேல்பாதி கீழ்பாதி எனத் தனித்தனியாகத் திறக்கும் ஒரு கதவு. மேல்பாதி எப்போதும் திறந்திருக்கும், குதிரை தலையை வெளியே நீட்டி உலகத்தைப் பார்க்கலாம். கதவு அகலம் 1.2 மீட்டர், உயரம் 2.4. இதில் சிக்கனம் பிடித்தால் இடுப்பெலும்பு முனையில் அடிபடும். அடிபட்ட குதிரை அடுத்த நாள் வாசலைப் பார்த்தாலே முரண்டு பிடிக்கும்.

தரையில்தான் நான் சறுக்கினேன். சிமென்ட் தரைக்கு மேல் ரப்பர் விரிப்பு போடுங்கள், காலுக்கு இதம் என்று சொன்னேன். போட்டார்கள். ஆறு வாரம் கழித்து வந்து மண்டியிட்டால் பழைய வாடை, கூடவே இன்னும் கொஞ்சம். விரிப்பின் ஓரத்தைக் கடப்பாறையால் நெம்பித் தூக்கினோம். அடியில் கறுப்பாகக் கூழ். லத்தியும் மூத்திரமும் ஊறி, விரல் வைத்தால் நூல்போல இழுத்தது. விரிப்புகளின் இணைப்பு வழியே ஒரு நாளைக்குப் பல லிட்டர் மூத்திரம் கீழே இறங்கியிருக்கிறது. பழைய தரையோ தட்டையானது, ஓடிப்போக வழியில்லை. வாட்டம் பார்க்காமல் விரிப்பு போடச் சொன்னது முழுக்க என் தப்பு, செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். தரையைக் கொத்தி, மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்து நடைவழி ஓரத்துக் கால்வாயில் சேர்த்தோம். அதற்கு மேல் வாட்டம் கூடாது, நிற்கும் குதிரைக்கு ஒரு பக்கக் கால் எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கும். அப்புறம் சொரசொரப்பான விரிப்பு, இணைப்பு தெரியாதபடி பெரிய துண்டுகளாக. அதன் மேல் ஒரு சாண் மரச்சீவல். ரப்பர் இருந்தால் படுக்கை வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். வெறும் ரப்பரில் குதிரை நிற்கும், படுக்க யோசிக்கும். இன்னொன்று: கறுப்பு வால்நட் மரத்தின் சீவல் கலந்திருந்தால் குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நடக்க முடியாமல் போகும். எந்த மரம் என்று கேட்காமல் மூட்டை இறக்கக் கூடாது.

நடுச்சுவர் விஷயத்தில் ஒரு சமரசம். கீழே 1.3 மீட்டர் வரை கனமான பலகை, மேலே கம்பி. கம்பிகளுக்கு நடுவே குளம்பு நுழையாத இடைவெளி. ஆனால் தீவனத் தொட்டி இருக்கும் மூலையில் மட்டும் கம்பியை மறைத்துப் பலகை. தின்னும் நேரம் தனிமை, மற்ற நேரம் துணை. செவலைக்குப் பக்கத்தில் மட்டக் குதிரை. கறுப்பை எதிர்வரிசைக் கடைசியில், அவனுக்கு மசியாத ஒரு கிழட்டுப் பெட்டைக்குப் பக்கத்தில் போட்டோம். ஒரு வாரத்தில் ஆள் அடங்கிவிட்டான்.

பத்தொன்பது நிமிடம்

வேலை முடிந்த மாதம், தீ ஒத்திகை நடத்தலாம் என்றேன். சிரித்தார்கள். ஒரு மாலையில் சொல்லாமல் மணி அடித்தேன். 10 குதிரைகளையும் வெளியே கொண்டுவந்து வேலிக்குள் விட 19 நிமிடம் ஆனது. வைக்கோலும் சீவலும் நிறைந்த கட்டடத்தில் அவ்வளவு நேரம் யாருக்கும் கிடைக்காது. நெருப்புக்கு முன்னால் புகை சில நிமிடத்தில் நிறைந்துவிடும்.

நேரத்தைத் தின்றவை எவை என்று பார்த்தோம். தலைக்கயிறுகள் எல்லாம் சேணம் வைக்கும் அறையில், பூட்டிய பீரோவில், அழகாகப் பெயர் எழுதி மாட்டியிருந்தன. சாவி சவாரி சொல்லித் தருபவரின் பையில். அடுத்தது கீழ்த்தாழ்ப்பாள். மேல்தாழ்ப்பாளைக் குதிரை உதட்டாலேயே தள்ளித் திறந்துவிடும் என்பதால் கீழே காலால் தட்டும் தாழ் ஒன்று வைப்பது வழக்கம். மூன்று கதவில் அதன் பள்ளத்துக்குள் சீவல் அடைந்து, இறுகி, காலால் உதைத்தும் நகரவில்லை. அப்புறம் வெளியே விட்ட குதிரைகளில் ஒன்று திரும்பித் தன் அறைக்கே ஓடிவந்தது. நிஜத் தீயிலும் இதுதான் நடக்கும். பயந்த குதிரைக்குப் பாதுகாப்பான இடம் என்றால் தன் அறைதான், எரிகிற அறையானாலும். வெளியே கொண்டுவந்ததும் பின்னால் கதவைச் சாத்திவிட வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் எல்லோரும் நம்பினார்கள்.

இப்போது ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் ஒரு ஆணியில் தலைக்கயிறு. நைலான் உருகித் தோலோடு ஒட்டும் என்பதால் தோல் அல்லது பருத்திக் கயிறுதான். தாழ்ப்பாள் பள்ளத்தைத் தினமும் குச்சியால் கிளறுவது காலை வேலைகளில் ஒன்று. நான்காவது ஒத்திகையில் 7 நிமிடத்துக்கு வந்தார்கள். மின்கம்பிகளை எலி கடிக்காதபடி இரும்புக் குழாய்க்குள் விட்டாயிற்று. ஒட்டடை அடிப்பதை அழகுக்கு என்று நினைத்திருந்தார்கள். தூசு படிந்த ஒட்டடை நெருப்புக்குத் திரி.

புல் கொட்டகையில் ஒரு நீளக் கம்பியும் வெப்பமானியும் வைத்திருக்கிறோம். சரியாகக் காயாத புல்லைக் கட்டி அடுக்கினால் உள்ளுக்குள் நொதித்துச் சூடாகும். கட்டின் நடுவில் 65 டிகிரி வந்தால் தினம் பலமுறை பார்க்க வேண்டும்; 80-ஐத் தொட்டால் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்ட பிறகுதான் கட்டை அசைக்க வேண்டும். முதலில் அசைத்தால் காற்றுப் புகுந்து தானாகப் பற்றிக்கொள்ளும்.

தினசரி

கட்டடத்தைத் திருத்துவது ஒரு தடவை வேலை. நடத்துவதுதான் தினமும். இதில் பெரிய புதுமை எதுவும் செய்யவில்லை. பெருக்குவதற்கு முன் குதிரைகளை வெளியே விட்டுவிடுகிறார்கள், நடைவழியில் தண்ணீர் தெளிக்கிறார்கள். இருமல் உள்ளதற்கு மட்டும் உலர்புல்லை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து கொடுக்கிறார்கள், அதுவும் உயரத்தில் கட்டாமல் தரையில் வைத்து. தலை தாழ்ந்திருந்தால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளி தானாக வடியும். எருக்குவியல் லாயத்தை விட்டுத் தள்ளிப் போய்விட்டது. வெயில் நாளில் முட்டை ஈயாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் வாரம் இரண்டு முறை அள்ளிவிடுகிறார்கள்.

தீவன நேரத்தை மாற்றுவதற்குத்தான் அதிக வாக்குவாதம். மாலை 6 மணிக்குப் புல் போட்டுவிட்டுப் போனால் 9 மணிக்குத் தீர்ந்துவிடும். அடுத்தது காலை 6-க்கு. குதிரையின் இரைப்பை ஓயாமல் அமிலம் சுரக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். இயற்கையில் நாளைக்கு 16 மணி நேரம் மேயும் பிராணி அது. ஒன்பது மணி நேரம் வயிறு காய்ந்தால் புண் வராமல் என்ன செய்யும்? இப்போது ராத்திரிக் காவலர் 11 மணிக்குக் கடைசிப் புல்லை, சிறு கண் வலையில் போட்டுக் கொடுக்கிறார். மெல்ல மெல்ல இழுத்துத் தின்ன விடியும்வரை ஓடும். வலையைக் குளம்பு சிக்காத உயரத்தில் கட்ட வேண்டியிருப்பதால், இருமும் குதிரைக்கு இது கிடையாது. அதற்குத் தரையில் இரண்டு தவணை.

தானாக நிரம்பும் தண்ணீர்த் தொட்டி வாங்கலாமா என்றார் உரிமையாளர். நான் வேண்டாம் என்றேன். வாளியில் வைத்தால் எவ்வளவு குறைந்தது என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு குதிரை நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் குடிக்கும். திடீரென்று பாதியாகக் குறைந்தால் குடல் அடைத்து வயிற்றுவலி வரலாம். பெரியவர் லத்தியையும் எண்ணுவார். காலையில் அறையில் எத்தனை குவியல், நேற்றைவிடக் குறைவா என்று கரும்பலகையில் குறித்துவிடுவார். கூடவே இன்னொரு கட்டம் போட்டிருக்கிறோம்: விலாவில் சீவல் உண்டா, இல்லையா. இத்தனை சின்ன விஷயத்தை எந்தக் கருவியும் அவரைப் போலக் காட்டியதில்லை.

ஆறு மாதம் கழித்து

இருமிய 5 குதிரைகளில் நாலுக்கு மருந்து தேவைப்படவில்லை. ஒன்று இன்னமும் புழுதி நாளில் இருமுகிறது. தரையளவு அமோனியா, விடியற்காலை அளவில், 10-ஐத் தாண்டவில்லை. செவலையின் கணுவில் முடி முளைத்துவிட்டது. வலது காலில் மட்டும் வெள்ளை முடியாக வந்திருக்கிறது, அது மாறாது. பெரும்பாலான ராத்திரிகளில் படுக்கிறாள். மட்டக் குதிரையை ஒருமுறை இரண்டு நாளுக்கு வெளியே அனுப்பியபோது இரண்டு ராத்திரியும் நின்றாள்.

புதிய கோளாறு ஒன்றும் வந்தது. அறை பெரிதானதில் உற்சாகமான ஒரு குதிரை உருண்டு புரண்டு, கால் சுவர்ப்பக்கம் மாட்டி, எழ முடியாமல் கிடந்தது. ராத்திரிக் காவலர் கயிறு போட்டு இழுத்துப் புரட்டினார். அதற்குப் பிறகு சுவரோரத்தில் சீவலைக் கரைபோல உயர்த்திப் போடுகிறோம்.

முழுக்கத் தோற்றது பஞ்சகல்யாணியிடம். நாலு காலும் நெற்றியும் வெள்ளையான நல்ல அழகி. தீவன நேரம் நெருங்கினால் கதவோரம் நின்று தலையை இடமும் வலமுமாக ஊஞ்சல்போல ஆட்டிக்கொண்டே இருப்பாள். முன்னங்கால் லாடம் ஒரு பக்கமே தேய்ந்துவிடும். அடைத்துவைத்த குதிரைக்கு வரும் பழக்கம் இது. வெளியே பார்க்க ஜன்னல் வைத்தோம், பக்கத்தில் துணை கொடுத்தோம், தினமும் கூடுதல் நேரம் மேய விட்டோம். பகலில் குறைந்தது. தீவன நேரத்தில் அப்படியே இருக்கிறது. தீவன வண்டியின் சக்கரம் கிரீச்சிடும் சத்தத்தைக் கேட்டுத்தான் ஆரம்பிக்கிறாள் என்று பெரியவர் கண்டுபிடித்தார். சக்கரத்துக்கு எண்ணெய் விட்டோம். இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் தீவன அறைத் தாழ்ப்பாள் சத்தத்துக்கே ஆட ஆரம்பித்துவிட்டாள். இப்போது அந்தத் தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றியிருக்கிறது.